ரேம் போட்டால் சரியாகிவிடுமா?

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ரேம் போட்டா சரியாயிடுமா?" கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று பெயர் வாங்கிவிட்ட யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், லிஃப்டில் கேட்பார்கள், துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சர்வீஸ் கடைக்காரரிடம் கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடும்: "போட்டுடலாம் சார்." என் பதில் கொஞ்சம் எரிச்சலூட்டும் ரகம். ஸ்லோவாக இருக்கும்போது, கம்ப்யூட்டரில் எது எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், அங்கே என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம் என்பேன். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். அதைக் கூட்டினால், கணக்கு வேலையைச் செய்யும் பிராசஸர் ஒரு துளிகூட வேகமாக ஓடப் போவதில்லை. ரேம் போதாமல் அது அடிக்கடி காத்துக் கிடந்திருந்தால், அந்தக் காத்திருப்பு போகும், அவ்வளவுதான். சில கம்ப்யூட்டர்களில் இந்த "அவ்வளவுதான்" மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சிலவற்றில் காசு போட்ட சுவடே தெரியாது. உங்களுடையது எந்த ரகம் என்று வாங்குவதற்கு முன்பே, காசு செலவில்லாமல், ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

என் மச்சான் ஒருவர் கணக்கு எழுதுகிறவர். சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரி, வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட். 2019-இல் வாங்கிய லேப்டாப் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பட்ஜெட் லேப்டாப் என்றால் எந்தக் கடையிலும் எடுத்து நீட்டிய அதே கூட்டணி: இன்டெல் கோர் ஐ3 7020யூ, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. டாலி ஒரு பக்கம், எக்செல் நாலைந்து, குரோமில் எண்ண முடியாத அளவுக்கு டேப், வாட்ஸ்அப் வெப் எந்நேரமும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். குளித்து, சாமி கும்பிட்டு, வந்து உட்கார்ந்தால் அப்போதுதான் ஐகான்கள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருக்கும். எக்செல்லிலிருந்து குரோமுக்கு மாறினால் வெள்ளைத் திரை, சுற்றும் நீல வட்டம், "நாட் ரெஸ்பாண்டிங்".

"மாப்ள, ஒரு ஃபார்மட் அடிச்சுட்டா சரியாயிடாதா?" என்றார்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஃபார்மட் அடிப்பது நம் ஊரில் ஒரு சடங்கு. அடித்த புதிதில் நன்றாகத்தான் ஓடும். கூடவே கிளம்பி வரும் அப்டேட்டர், பிரின்டர் உதவியாளர், இரண்டு ஆன்டிவைரஸ், எதற்கு என்றே தெரியாத டூல்பார் எதுவும் அப்போது இருக்காது. ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து குடியேறியதும் பழைய கதைதான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் வருவதற்கே அந்த லேப்டாப் யோசித்தது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை, அதாவது பிராசஸருக்கு வேலையே இல்லை. டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நின்றது நின்றதுதான். மெமரியில் 3.9 ஜிபியில் 3.6 நிரம்பியிருந்தது. இங்கேயே எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே "கமிட்டட்" என்று ஒரு எண் இருக்கும், அதில் 7.4 என்று காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் எல்லாமாகச் சேர்ந்து விண்டோஸிடம் 7.4 ஜிபிக்கு உத்தரவாதம் வாங்கி வைத்திருக்கின்றன என்று அர்த்தம். கேட்டு வாங்கியதை எல்லாம் முழுசாகப் பயன்படுத்த மாட்டார்கள், உண்மைதான். ஆனாலும் கையில் 4 கூட இல்லாதவர் 7.4-க்கு வாக்குக் கொடுத்தால், மிச்சத்தை எங்கிருந்தாவது புரட்டித்தானே ஆக வேண்டும். விண்டோஸ் அதை ஹார்ட் டிஸ்கில், பேஜ்ஃபைல் என்ற மறைத்து வைத்த கோப்பிலிருந்து புரட்டுகிறது. நீங்கள் எக்செல்லில் இருக்கும்போது குரோமின் பக்கங்களைத் தூக்கி அங்கே போடும், குரோமுக்குப் போனால் எக்செல்லைத் தூக்கி அங்கே போட்டுவிட்டுக் குரோமை எடுத்து வரும். நாள் முழுக்க இதே வேலை. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் "ஹார்ட் ஃபால்ட்ஸ்" என்ற வரைபடத்தைப் பார்த்தால் இந்தப் போக்குவரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மச்சான் வீட்டில் அது மேல் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்றால், வேக வித்தியாசம். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ செகண்ட் ஆகும். நிமிஷத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் லேப்டாப் ஹார்ட் டிஸ்கில் ஹெட் சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுற்றி வந்து, படித்துக் கொடுக்க 10 மில்லி செகண்டுக்கு மேல். லட்சம் மடங்கு. ரேம் ஒரு செகண்டில் தருகிறது என்று வைத்துக்கொண்டால் ஹார்ட் டிஸ்க் தர 27 மணி நேரம் ஆகும், சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் நல்ல எஸ்எஸ்டி என்றால் கால் மணி நேரம். எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் ரேம் குறைவாக இருந்தாலும் அவ்வளவாக உறைக்காமல் இருப்பது இதனால்தான், அது தட்டுப்பாட்டைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது.

சரி, ரேம் இவ்வளவு வேகமாக இருந்தால் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று மச்சானின் பையன் கேட்டான். நல்ல கேள்வி. இன்று நாம் போடும் ரேமின் அடிப்படை ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் கண்டுபிடித்தது, 1968-இல் காப்புரிமை பெற்றார். ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 0 அல்லது 1-க்கு, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் இவ்வளவு நெருக்கி அடுக்க முடிந்தது. ஆனால் அந்தக் கெப்பாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம் தானாகவே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை ஒவ்வொன்றையும் படித்துத் திரும்ப எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடும். நீங்கள் இதைப் படிக்கும் இந்த நிமிஷத்தில் உங்கள் போனும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. கரன்ட் போனால் எல்லாம் போச்சு. 1970-இல் இன்டெல் விற்ற 1103 என்ற சிப்பில் 1024 பிட். மச்சானுக்கு வாங்கிப் போட்ட விரல் நீள 8 ஜிபி ஸ்டிக்கில் சுமார் 6,870 கோடி பிட். பையன் இதைக் கேட்டுவிட்டு "அப்பாவோட டேப்பை மூடினாலே போதுமே" என்றான், அதுவும் சரிதான்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. ரேம் நிரம்பியிருக்கிறது என்பதாலேயே பற்றாக்குறை என்று அர்த்தமில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே சூப்பர்ஃபெட்ச் என்று ஒன்று உண்டு, நீங்கள் அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே கொண்டுவந்து சும்மா இருக்கும் ரேமில் வைத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் "கேஷ்டு" என்று வருவதில் இதெல்லாம் அடக்கம். வேறு யாராவது கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாதவர்களை நம்பித்தான் ரேம் கிளீனர் என்று ஒரு வியாபாரமே நடக்கிறது. பட்டனை அமுக்கினால் ராக்கெட் பறக்கும், "1.2 ஜிபி விடுவிக்கப்பட்டது" என்று வரும். உபயோகமாக இருந்த சேமிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அதையே திரும்ப டிஸ்கிலிருந்து எடுத்துவர வைக்கும் மென்பொருளுக்கு இவ்வளவு விசிறிகள் இருப்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

இந்தக் கூத்து புதிதல்ல. 1995-இல் ஸாஃப்ட்ரேம் 95 என்று அமெரிக்காவில் ஒரு மென்பொருள் வந்தது, சின்க்ரோனிஸ் என்ற கம்பெனி வெளியிட்டது. விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி வேண்டும், ரேமோ யானை விலை. இந்த மென்பொருளைப் போட்டால் உங்கள் ரேம் இரண்டு மடங்கு ஆகிவிடும் என்றார்கள். லட்சக்கணக்கில் விற்றது. நிபுணர்கள் பிரித்துப் பார்த்தால் உள்ளே சொல்லிக்கொள்ளும்படி எந்த வேலையும் நடக்கவில்லை, திரையில் எண்ணை மட்டும் ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் வரைக்கும் விவகாரம் போனது. இன்றைக்கு போன் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 16 ஜிபி என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் 8+8 என்கிறார்களே, அதை அந்த அளவுக்கு மோசடி என்று சொல்ல மாட்டேன். பின்பக்கம் நிஜமாகவே வேலை நடக்கிறது, ஸ்டோரேஜில் ஒரு பகுதியைப் பேஜ்ஃபைல் மாதிரி ஒதுக்குகிறார்கள். ஆனால் அதை ரேம் என்று கூட்டிச் சொல்வது, மேலே சொன்ன ஒரு செகண்டையும் கால் மணி நேரத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்கிற மாதிரி.

மச்சானின் லேப்டாப்புக்கு என்ன வாங்குவது என்று பார்க்க மறுபடி டாஸ்க் மேனேஜர்தான். மெமரி பக்கத்தின் கீழே ஸ்பீடு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, எந்த வடிவம் என்று வரும். வடிவம் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டியிருக்கிறது, கழற்ற முடியாது என்று அர்த்தம். மச்சானுடையதில் 4 ஜிபி அப்படி ஒட்டியிருந்தது, ஆனால் பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலி. இந்தத் தகவலை விண்டோஸ் சில சமயம் தப்பாகவும் காட்டும் என்பதால், மாடல் நம்பரைப் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

டிடிஆர்3, 4, 5 என்று ரேமின் தலைமுறை மாறினால் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று நுழையாது. கீழே இருக்கும் பள்ளத்தின் இடமே வேறு. வோல்டேஜும் வேறு, டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. தலைமுறைக்குள் வேகம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. 7020யூ பிராசஸர் டிடிஆர்4-ஐ 2133-க்கு மேல் ஓட்டாது. கடையில் இருந்ததோ 3200 ஸ்டிக். "அது ஓடுமா?" என்று மச்சான் பயந்தார். ஓடும், 2133-க்கு இறங்கி வந்து ஓடும். சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி ரிச்சி தெருவுக்குள் போனால், இரண்டு சக்கர வண்டிகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில் நடக்க இடம் கிடைத்துவிட்டால் போதும், லேப்டாப் ரேம் எங்கும் கிடைக்கும். "பில்லோட வேணுமா, பில் இல்லாமலா?" என்று கேட்பார்கள். ரேம் விஷயத்தில் பில்லோடு வாங்குங்கள். நல்ல பிராண்டு ரேம்களுக்கு வாரன்டி பல வருஷம் வரும், பில் இல்லாமல் அதை எங்கே போய்க் கேட்பது? 2023-இல் அந்த 8 ஜிபி ஸ்டிக் 2,000 ரூபாய்க்கு உள்ளேயே முடிந்தது. கூடவே ஒரு 2.5 அங்குல எஸ்எஸ்டியும் வாங்கினோம். 4 ஜிபியும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து இருக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது அரைகுறை வைத்தியம். 8 ஜிபியும் ஹார்ட் டிஸ்கும் என்றால், கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், எஸ்எஸ்டி முதலில்.

மாட்டுவது உண்மையில் பத்து நிமிஷ வேலை, பின்மூடியைக் கழற்றுவதில்தான் முக்கால் நேரம் போகும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, திருகாணிகளை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தோமோ அதே வரிசையில் ஒரு தாளில் ஒட்டி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் நீளம் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் புடைத்துக்கொள்ளும். அப்புறம் பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் செருகி மெல்ல நெம்பினால் கிளிப்புகள் டப் டப் என்று விடும். உள்ளே போனதும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஜன்னல் கம்பியையோ ஏதாவது இரும்பையோ தொட்டு உடம்பில் இருக்கும் நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் ரேமைத் தொட வேண்டும். ஸ்டிக்கை விளிம்பில் பிடித்து, பள்ளத்தை நேர் பார்த்து, சாய்வாக வைத்துத் தள்ள வேண்டும். தங்க நிறப் பற்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே போன பிறகு கீழே அமுக்கினால் இரண்டு பக்கக் கொக்கியும் ஒரே நேரத்தில் பிடிக்கும். பற்களில் ஒரு பட்டை வெளியே தெரிந்தால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

சர்வீஸ் கடைகளில் "டிஸ்ப்ளே வரல" என்று வரும் கேஸ்களில் முதலில் கை வைப்பது ரேமில்தான். கழற்றி, பற்களைப் பென்சில் ரப்பரால் நாலு இழுப்பு இழுத்து, தூசியைத் துடைத்துத் திரும்ப மாட்டினால் பாதி உயிர்த்தெழுந்துவிடும். ஈரக்காற்று ஊரில் பற்களில் படியும் அழுக்குக்கு இந்த ரப்பர் வைத்தியம் பெரும்பாலும் கேட்கும். தேய்த்துத் தேய்த்துத் தங்கப் பூச்சையே எடுத்துவிடக் கூடாது, அதுதான்.

மூடியைப் போட்டு ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே நின்றது. மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புது ரேமைப் பார்த்ததும் மதர்போர்டு அதை அளந்து பழகிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும், முதல் தடவை மட்டும். டிடிஆர்5-இல் இது இன்னும் நீளும், சிலர் பயந்துபோய் நடுவில் ஆஃப் செய்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வைப்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே நல்லது. வந்தது. 12 ஜிபி. இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டாலும் இன்டெல் பிராசஸர்கள் 4-க்கு 4 ஜோடி சேர்த்து டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில், ஓட்டிவிட்டு மிச்சம் 4-ஐத் தனியாக ஓட்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்புகளில் திரை வேலையும் இதே ரேமில்தான் நடக்கிறது என்பதால், இந்த ஜோடி சேர்ப்புக்கு நல்ல பலன் உண்டு.

இப்போது டாலியும் எக்செல்லும் குரோமும் ஒன்றுக்கொன்று தாவினால் உடனே வருகிறது. ஹார்ட் ஃபால்ட்ஸ் தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான வரிசையில் ஃபார்முலா போட்ட ஒரு பெரிய எக்செல் கோப்பு மறுகணக்குப் போட எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்ததாகத் தெரியவில்லை. அது அந்த இரண்டு கோர் பிராசஸரின் வேலை. இணையத்தில் எதிர்முனையில் இருக்கும் சர்வர் தூங்கினாலும் இங்கே ரேம் என்ன செய்யும்.

இதற்கு நேர் எதிர் கேஸ் எங்கள் மாடி வீட்டு மாமா. ரிட்டயர் ஆனவர், பேரனோடு வீடியோ காலில் பேசுவதுதான் லேப்டாப்பின் முக்கிய வேலை. 8 ஜிபி, எஸ்எஸ்டி, எல்லாம் உண்டு. "தம்பி, 16 போட்டுடலாமா? கடையில சொல்லிட்டாங்க" என்றார். கால் ஓடும்போது பார்த்தேன். மெமரியில் மூன்று ஜிபி சும்மா கிடந்தது. டிஸ்க் அசையவே இல்லை. சிபியு மட்டும் 100 சதவீதம், அதுவும் தன் வழக்கமான வேகத்தில் பாதிகூட இல்லாமல் தவழ்ந்துகொண்டிருந்தது. சூடு தாங்காமல் பிராசஸர் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும்போது இப்படித்தான் காட்டும். மெத்தை மேல் வைத்துப் பேசுகிறார், அடியில் காற்று போகும் வழி முழுக்க அடைப்பு. ஃபேனைக் கழற்றினால் கம்பளி மாதிரி தூசி. சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றியதும் சரியாகிவிட்டது. "அப்ப ரேம் வேண்டாமா?" என்று கேட்டபோது அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

எவ்வளவு போதும் என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு: பிரவுசர், ஆஃபீஸ் வேலை என்றால் 8-இல் ஓட்டிவிடலாம், 16 நிம்மதி. வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் என்று போகிறவர்களுக்கு 32, அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் 98 கேட்டது 16 எம்பி, எக்ஸ்பி 64 எம்பி, விஸ்டா 512 எம்பி, விண்டோஸ் 11 4 ஜிபி. எல்லாமே "குறைந்தபட்சம்" என்று பெட்டியில் போட்டிருப்பது. அந்தக் குறைந்தபட்சத்தில் ஓட்டியவர்கள் பட்ட பாட்டை அவர்களிடமே கேட்க வேண்டும்.

பார்த்து வாங்குங்கள் என்று இப்போது அழுத்திச் சொல்வதற்கு விலையும் ஒரு காரணம். 2025 பிற்பாதியில் ஏறத் தொடங்கிய ரேம் விலை சாமானியர் கையைச் சுடுகிறது. உலகத்தின் ரேமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே பேர். ஏஐ சர்வர்களுக்கான விலை உயர்ந்த மெமரிக்குத்தான் லாபம் என்று அவர்கள் பார்வை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பல வருஷமாக நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய க்ரூஷியல் பிராண்டின் சில்லறை வியாபாரத்தையே விடப் போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்துவிட்டது. இன்னொரு பக்கம், மெலிதான லேப்டாப்புகளில் ஸ்லாட்டே காணாமல் போகிறது. வாங்கும்போது 8 என்றால் சாகும்வரை 8. கடையில் நிறம், எடை, திரை எல்லாம் விசாரிப்பவர்கள் "ரேம் ஸ்லாட் காலியா இருக்கா?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். விற்பனைப் பையன் தெரியாது என்பார், மாடல் நம்பரை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் தேடுங்கள்.

மச்சானின் லேப்டாப்புக்கு இப்போது வேறு சிக்கல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 12 ஜிபி இருந்தும், ஏழாம் தலைமுறை பிராசஸர் என்பதால் விண்டோஸ் 11-இன் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஊர்க்காரர்களின் வரிக் கணக்கெல்லாம் அதில் இருக்கிறது, பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்ட முடியாது. 2026 அக்டோபர் வரைக்கும் நீட்டிக்கும் திட்டத்தில் சேர்த்துவிட்டிருக்கிறேன், அதற்குள் புதிது வாங்க வேண்டும். புது லேப்டாப்பில் அந்த 8 ஜிபி ஸ்டிக்கைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று போன வாரம் கேட்டார். புதிது டிடிஆர்5 ஆக இருந்தால் நுழையவே நுழையாது. விற்றுவிடுங்கள் மச்சான், இப்போதைய விலைக்கு வாங்கினதைவிட அதிகமாகவே போகும் என்றேன்.